செவலைக்கு என்ன கூலி கொடுப்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பெண் நாய் இருக்கிறாள். சிப்பிப்பாறைக் கலப்பு, வயது ஒன்றேகால். பத்தாவது மாதத்தில் கருத்தடை செய்துவிட்டோம். மேரி பிஸ்கட் காட்டித்தான் பழக்கினேன். வீட்டுக்குள் உட்கார், கை கொடு, வா எல்லாம் கேட்பாள். தெருவில் இறங்கி ஓர் ஆட்டையோ இன்னொரு நாயையோ பார்த்துவிட்டால் பிஸ்கட்டை மூக்கில் இடித்தாலும் திரும்புவதில்லை. 400 ரூபாய் கொடுத்து நாய்க்கான ட்ரீட் பாக்கெட் வாங்கினேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். என் மகன் கொடுக்கும் கடலைமிட்டாய்க்கு மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருகிறாள். எடை 17 கிலோவிலிருந்து 20 ஆகிவிட்டது. "தீனி காட்டிப் பழக்கின நாய் தீனிக்குத்தான் வரும், ஆளுக்கு வராது" என்கிறார் என் மாமியார். (காலையும் மாலையும் டீயோடு அவளுக்கு இரண்டிரண்டு பிஸ்கட் போடுவதும் அவர்தான்!) பழக்கும்போது நான் ஏழெட்டு கொடுப்பேன். வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. முட்டை மட்டும் அவிக்கலாம். எதைக் கொடுத்துப் பழக்குவது, டாக்டர்?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

'பிஸ்கட் காட்டித்தான் பழக்கினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் 'காட்டி'யில்தான் வினை. வேலைக்கு முன்னால் நீட்டினால் லஞ்சம், வேலை முடிந்தபின் கொடுத்தால் கூலி. லஞ்சம் வாங்கிப் பழகியவர் கையில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் ஃபைலைத் தொடுவார். செவலையும் அப்படித்தான். வீட்டுக்குள் வேறு வேடிக்கை இல்லாதபோது மேரி பிஸ்கட் போதும். தெருவில் ஆட்டுக்குட்டி துள்ளும்போது, உங்கள் கையில் இருப்பதைவிட அது மேல் என்று கணக்குப் போட்டுவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

இன்னொன்றும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் கவர் சரசரக்கும், அப்புறம் 'வா' என்பீர்கள். பல வீடுகளில் நாயை வரவழைப்பது அந்தச் சரசரப்புதான், 'வா' சும்மா கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ருஷ்யாவில் இவான் பாவ்லோவ் நாய்களின் ஜீரணத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகத்தான். தீனி வாய்க்கு வருமுன்பே, அது வரப்போகிறது என்று தெரிவிக்கும் அடையாளங்களுக்கே நாய்களுக்கு எச்சில் ஊறுவது அந்த வேலையின் நடுவே அவர் கண்ணில் பட்டது. உங்கள் வீட்டுப் பாக்கெட் சத்தமும் அப்படி ஓர் அடையாளம். சந்தேகமிருந்தால் பக்கத்து அறையில் நின்றுகொண்டு, பாக்கெட்டைத் தொடாமல், ஒரே ஒரு முறை 'செவலை, வா' என்று கூப்பிட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்தச் சொல் அவளுக்கு இன்னும் தெரியாது.

ஆக, எதைக் கொடுப்பது என்பதற்கு முன்னால், எப்போது கையில் எடுப்பது என்பதை மாற்ற வேண்டும். தீனி அவள் கண்ணில் படாமல், சத்தம் போடாமல் உங்களிடம் இருக்கட்டும். கடையில் இதற்கென்றே இடுப்புப் பை விற்கிறார்கள். அந்தக் காலத்துப் பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பை அதைவிட நல்லது. துணி என்பதால் சத்தமே வராது, துவைத்தும் போடலாம். 'உட்கார்' என்கிறீர்கள். அவள் பின்பகுதி தரையைத் தொடுகிறதா, அந்த நொடியில் 'சபாஷ்' என்று ஒரு சொல். அதன் பிறகுதான் உங்கள் கை பைக்குள் போக வேண்டும். 'சபாஷ்' என்றால் கூலி நிச்சயம் என்று அவளுக்குப் பதிந்துவிட்டால், எடுத்துக் கொடுக்க ஒரு நொடி கூடக் குறைய ஆனாலும் பரவாயில்லை. சொல் மட்டும் தாமதிக்கக் கூடாது. அவள் உட்கார்ந்து, எழுந்து, உங்கள் கையை மோந்த பிறகு கொடுத்தால், மோந்ததற்குத்தான் கூலி கொடுக்கிறீர்கள்.

சரி, இப்போது தீனிக்கு வருவோம்.

களை எடுக்க ஒரு கூலி, பனை ஏற ஒரு கூலி என்பது உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூடத்தில் உட்காருவது களை எடுப்பது மாதிரி. கண்ணெதிரே ஆட்டுமந்தை போகும்போது உங்கள் பக்கம் தலையைத் திருப்புவது பனை ஏறுவது. அதுவும் சிப்பிப்பாறை, முயல் விரட்டுவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். ஓடுவது கண்ணில் பட்டால் கால் தானாகக் கிளம்பிவிடும். அதை அடக்கிக்கொண்டு திரும்பியவளுக்கு ஒரு மேரி பிஸ்கட்டை நீட்டினால் நாளைக்கு எப்படி வேலைக்கு வருவாள்?

எது பெரிய கூலி என்று நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. என் வீட்டில் ஒரு நாய் இருந்தது, கன்னி என்ற நம்மூர் வேட்டை இனம். புதிதாக டாக்டர் பட்டம் வாங்கிய ஜோரில், சம்பளத்தில் ஒரு பங்கைச் செலவழித்து வெளிநாட்டு மாட்டிறைச்சித் துண்டுகள் வாங்கி வந்து அதற்கு முன்னால் வைத்தேன். அப்போது அடுக்களையில் அம்மா தேங்காய் துருவ உட்கார்ந்தார். திருகுபலகையை நகர்த்திய சத்தம் கேட்டதும் என் மாட்டிறைச்சியைத் தாண்டிக் குதித்து ஓடிப்போய், அம்மா முன்னால் யாரும் சொல்லாமலேயே அம்சமாக உட்கார்ந்தது. ஒரு சில்லு கிடைத்தது. அன்றைக்கு அந்தப் பாடத்தை நடத்தியது அம்மாதான். நான் பாக்கெட்டை மூடி வைத்தேன்.

அதனால் செவலையையே கேளுங்கள். உங்கள் மகனுக்கு இது நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டு சின்னத் தட்டு. ஒன்றில் பனீர், ஒன்றில் முட்டை, இரண்டும் பொட்டுக்கடலை அளவுக்கு ஒரே ஒரு துண்டு. அவளை நீங்கள் பிடித்துக்கொள்ள, அவன் இரண்டையும் மோந்து பார்க்கும்படி காட்டிவிட்டு, ஓரெட்டுத் தள்ளி ஒரே நேரத்தில் கீழே வைக்கட்டும். எதை முதலில் எடுக்கிறாள்? குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தட்டை இடம் வலம் மாற்றி வைக்க வேண்டும், ஏனென்றால் எப்போதும் ஒரே பக்கம் திரும்பும் நாய்கள் உண்டு. ஒரு ஜோடிக்கு ஆறு முறை செய்து பார்த்தால் போதும். வென்றதை அடுத்த பொருளோடு மோத விடுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை, புதுசு என்ற ஆசையில் எடுத்ததா, நிஜமாகவே பிடித்ததா என்று தெரிந்துவிடும்.

போட்டிக்கு எதையெல்லாம் நிறுத்தலாம்? உங்கள் அடுக்களைக்குள்ளேயே நிறைய இருக்கிறது. முட்டையை அவித்து நறுக்கினால் மஞ்சள் கரு உதிர்ந்து பைக்குள் மாவாகிவிடும். வாசனையோ அதில்தான் இருக்கிறது. அதனால் அவிப்பதற்குப் பதில், ஒரு முட்டையை நன்றாக அடித்து, எண்ணெய் உப்பு எதுவும் இல்லாமல், ஒட்டாத தவாவில் மெல்லிசாக ஊற்றி, மூடி வைத்து வேக விடுங்கள். ஆறியதும் குறுக்கும் நெடுக்கும் கத்தி போட்டால் எண்பது, நூறு சதுரம் வரும். உதிராது, கையில் பிசுபிசுக்காது. ஆம்லேட் என்றதும் கை தானாக வெங்காயத்துக்குப் போகும், அது மட்டும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வடை, சாம்பார் சாதம் கொடுப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பனீரைச் சிறுசாக நறுக்கி அதே தவாவில் ஒரு புரட்டுப் புரட்டினால் ஈரம் போய் வாசனை எழும்பும். பால் பொருள் சில நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும், முதல் நாள் நாலைந்து துண்டோடு நிறுத்திப் பாருங்கள். தேங்காய்ச் சில்லு பெரும்பாலான நம்மூர் நாய்களுக்கு உயிர். ஆனால் கொழுப்பு அதிகம். இருபது கிராம் பத்தை ஒன்றிலேயே எழுபது கலோரி இருக்கும். அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு நடுத்தரம். பொட்டுக்கடலை, உப்பில்லாத பொரி, இட்லிப் பிசிறு எல்லாம் வீட்டுக்குள் நடக்கும் சில்லறை வேலைக்கு. பொட்டுக்கடலைக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அசைவம் புழங்கும் வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, இல்லையென்றால் ஈரல். ஈரலை வேகவைத்து நறுக்கி, தோசைக்கல்லில் சின்னத் தீயில் வைத்து உலர்த்தினால் சட்டைப்பையில்கூடப் போட்டுக்கொள்ளலாம். (வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு முறை மறந்துபோய், சட்டை துவைக்கப் போன இடத்தில் நான் வாங்கியதை இங்கே எழுத முடியாது.) ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், தினமும் அள்ளிப் போடக் கூடாது. நெத்திலிக் கருவாட்டுக்கு மயங்காத நாயை நான் பார்த்ததில்லை, ஆனால் உப்பு போக ஊறவைத்து அலசி, உலர்த்தித்தான் கொடுக்க வேண்டும்.

400 ரூபாய் பாக்கெட் ஏன் எடுபடவில்லை? நாக்கின் சுவை மொட்டுகளில் நாம் நாயைவிடப் பணக்காரர்கள். நமக்குச் சுமார் 9,000, அதற்கு 1,700 அளவில்தான். மூக்கில் அது நம்மை எங்கோ விட்டுவிடும். தீனி நல்லதா என்பதை மூக்குதான் முதலில் தீர்மானிக்கிறது. காய்ந்து இறுகிய துண்டில் வாசனை குறைவு. கோடைப் புழுக்கத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் சிக்கு வாடை வேறு. வீணாக்க வேண்டாம். ஒரு துண்டைக் கிள்ளி, இரண்டு சொட்டு வெந்நீர் தெளித்து, இரண்டு நிமிடம் கழித்து நீட்டிப் பாருங்கள். சூடுபட்டதும் வாசனை கிளம்பும். அப்போதும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இப்போது எடை. 17 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி தேவைப்படும். கருத்தடைக்குப் பிறகு தேவை குறையும், பசி மட்டும் கூடும். எடை ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு. பயிற்சித் தீனி, நொறுக்குத் தீனி எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கமான கணக்கு. அதாவது 90 கலோரி. ஒரு மேரி பிஸ்கட் கிட்டத்தட்ட 25 கலோரி. மாமியார் நாலு, நீங்கள் ஏழெட்டு, ஆக ஒரு டஜன். 300 கலோரி! மூன்றில் ஒரு பங்குச் சாப்பாட்டை அவள் டீக்கடைக் கணக்கில் சாப்பிடுகிறாள். அதே 90 கலோரிக்கு முட்டைச் சதுரங்கள் நூறு கிடைக்கும். மூன்றரை பிஸ்கட்டா, நூறு கூலியா?

நாய் துண்டின் அளவைவிட எத்தனை முறை கிடைத்தது என்பதைத்தான் அதிகம் கணக்கில் வைக்கிறது. பொட்டுக்கடலை அளவு போதும். மெல்லாமல் விழுங்கிவிட்டு 'அடுத்து?' என்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பிஸ்கட்டை வாயில் வாங்கினால் என்ன செய்கிறாள் என்று இன்றைக்குக் கவனியுங்கள். கடிப்பாள், தூள் தரையில் சிந்தும், தலையைக் குனிந்து ஒவ்வொரு தூளாக நக்குவாள். அரை நிமிடம் போய்விடும். நீங்கள் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதும் அதோடு போய்விடும். கொடுத்த தீனி அளவுக்குச் சாப்பாட்டுத் தட்டில் குறைத்துவிடுங்கள். ஆனால் விலா எலும்பு தெரிகிறதே என்று பயந்து சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம். இந்த இனத்தில் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதுதான் சரியான உடம்பு.

கடலைமிட்டாய்க்கு வருகிறேன். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் மிட்டாயைக் குறை சொல்லி உங்கள் ஊர்ப்பக்கம் வரும் தைரியம் எனக்கு இல்லை. அது விஷமும் இல்லை. ஆனால் வெல்லப்பாகு பல்லில் அப்பிக்கொள்ளும், சின்னத் துண்டு ஒன்று பத்து கிராம் என்றாலே 50 கலோரி பக்கம் வந்துவிடும். அவள் ஏன் ஓடி வருகிறாள் என்று பாருங்கள். ஒன்று, வறுத்த கடலை வாசனை. இரண்டு, உங்கள் மகன் அநேகமாக ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கொடுக்கிறான். கடலைதான் இழுக்கிறது என்றால் உப்பில்லாத வறுகடலையைத் தோல் ஊதி, பருப்பைப் பாதியாக உடைத்து, அதையும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் நிறுத்துங்கள். நாள்பட்ட கடலை, பூஞ்சை வாடை அடிக்கும் கடலை மட்டும் கூடவே கூடாது. அந்தப் பூஞ்சை நஞ்சு நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

அடுத்து தெரு. பனீரே ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துக்கொண்டு நாளைக்கே ஆட்டுமந்தை நடுவில் போய் நின்றால் பனீரும் தோற்கும். வீட்டில் பாய்ந்து தின்னும் பொருளை வெளியில் தொடக்கூட மாட்டேன் என்றால், அது ருசிப் பிரச்சினை இல்லை. பதற்றமோ பயமோ தலைக்கேறிய நாய்க்குப் பசி தெரியாது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் நிற்கும் ஆளிடம் தயிர்சாதம் வேண்டுமா என்று கேட்ட மாதிரிதான். தூரத்தைக் கூட்டுங்கள். வாசல் கேட்டுக்குள்ளேயோ மொட்டைமாடியிலோ ஆரம்பிக்கலாம். ஆடு தெரிய வேண்டும், ஆனால் கொடுத்தால் தின்கிற தூரமாக இருக்க வேண்டும். ஆட்டைப் பார்த்தாள், பிறகு அவளாகவே உங்களைப் பார்த்தாள் என்றால் 'சபாஷ்', பனீர். ஆட்டைப் பார்த்ததே பனீர் வருவதற்கான சகுனம் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அவள் எடுக்கும் விதம் உங்களுக்கு அளவுகோல். உதட்டால் மெதுவாக எடுத்தால் நிதானமாக இருக்கிறாள். விரலோடு சேர்த்து வெடுக்கென்று கவ்வினால் கொதிநிலை ஏறுகிறது, பத்தடி பின்வாங்குங்கள். வாயில் வாங்கித் துப்பினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அன்றைக்குப் போதும், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். இதெல்லாம் வெயில் ஏறுமுன், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். பட்டினி போட வேண்டாம். லேசான பசி போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தெருவில் எப்போதும் கயிறு இருக்கட்டும். இந்த இன நாய்க்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம், சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டை நல்லது.

பொட்டுக்கடலையின் இன்னொரு உபயோகம் என்றேனே, அது உருட்டி விடுவதற்கு. துரத்தும் நாய்க்குத் துரத்துவதே தீனி. 'வா' என்றதும் வந்தாளா? கையில் கொடுப்பதற்குப் பதிலாக, ஒன்றைச் சிமெண்ட் தரையில் சுண்டி உருட்டிவிடுங்கள். பாய்ந்து போய்ப் பிடிப்பாள். அந்த ஒரு சின்னக் கடலையில் முயல் வேட்டையின் ருசி கொஞ்சம் இருக்கிறது. பிடித்ததும் மறுபடி 'வா'. பத்து முறை செய்தால் நாய்க்கு மூச்சு வாங்கும், நீங்கள் நின்ற இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டீர்கள்.

காலம் முழுக்கச் சுருக்குப்பையோடு அலைய வேண்டுமா என்று கேட்பீர்கள். 'உட்கார்' பழகிவிட்டால் தீனியை நாலு முறைக்கு ஒரு முறை, ஏழு முறைக்கு ஒரு முறை என்று முன்பின்னாகக் குறைத்துக்கொண்டே போகலாம்; மற்ற நேரம் காதுக்குப் பின்னால் ஒரு சொறி, கதவைத் திறந்து விடுவது, இரண்டு நல்ல வார்த்தை. 'வா' என்பதற்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். லாரி வரும் ரோட்டில் அவளைத் திருப்பப் போவது அந்த ஒரு சொல்தான். அதற்குக் கடைசி வரை நல்ல கூலி கொடுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு, சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு கலந்த சர்க்கரையில்லாத சூயிங்கம். ஏற்கெனவே சொன்ன வெங்காயம், பூண்டு. இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மாமியார் டீ நேரத்துக் கொடுப்பினையை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், அவர் மனசும் நோகும், செவலையும் விட மாட்டாள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். அந்த ஒன்றை எட்டாக உடைத்து, முந்தானையில் மறைத்து வைத்துக்கொண்டு, செவலை உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கொடுக்கட்டும். இரண்டு பிஸ்கட்டிலேயே 50 கலோரி போய்விடும் என்பதால், அந்தப் பழக்கம் இருக்கும்வரை முட்டைச் சதுரங்களை நாற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை பாருங்கள். வீட்டு எடை மெஷினிலேயே, அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறி நின்று கழித்தால் போதும். இரண்டு மாதத்தில் ஒரு கிலோவாவது இறங்கவில்லையென்றால், வீட்டில் இன்னும் யாரோ ஒருவர் மறைத்துக் கொடுக்கிறார். முதலில் உங்கள் மகனின் டவுசர் பையைப் பாருங்கள்.